தலைக்கு மேலே நாலு விரல்

மீட்டரக்கா உங்களோடு பேசும்போது உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். உங்கள் தலைக்கு மேலே நாலு விரல் தள்ளி, அங்கே பல்லி ஓடுவதுபோல வெறித்துக்கொண்டு பேசுவார். திரும்பிப் பார்க்காதீர்கள். பல்லியும் இல்லை, ஒன்றும் இல்லை. உங்களைத்தான் பார்க்கிறார். இது தெரியாமல் எங்கள் பகுதியில் மூன்று வீட்டுக்காரர்கள் வாசல் நிலைக்கு மேலே ஒட்டடை அடித்தார்கள். நாலாவது ஆள் மானஸ்தன், சுவருக்கு வெள்ளையே அடித்துவிட்டார்.

அந்தப் பார்வை எப்படி வந்தது என்பதுதான் கதை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் அலுவலகத்தில் மீட்டர் பார்ப்பது அவர் வேலை. இருபத்தேழு வருடமாக மாதம் நானூற்றுப் பத்து வீடு நடக்கிறார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டு நாய் குரைக்காமல் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. குனிந்து மூடியைத் திறப்பார், சிலந்தியிடம் நகரச் சொல்வார், கண்ணாடியைத் துடைப்பார், ஐந்து எண்ணைக் குறிப்பார், மூடுவார். சங்கத்து நோட்டீஸ்களை நான் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்ப்பவரும் அவர்தான். படித்துவிட்டு ஒரே கருத்துதான் சொல்வார்: "ஆச்சரியக்குறி ஜாஸ்தி தோழரே. பாதிய எடுத்துடுங்க." எடுத்துவிடுவேன். அந்தக் கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை இருந்தது.

அவர் வீட்டுக்காரர் சலூன் வைத்திருக்கிறார். வீட்டின் முன்னறைதான் சலூன். ஒரு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஊரில் பாதித் தலை அவர் கைபட்டதுதான். ஆனால் தன் மீசையை வெட்டும்போது மட்டும் அவர் கண்ணாடியை நம்ப மாட்டார். கண்ணாடி இடதை வலதாகக் காட்டி ஏமாற்றுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை எதிரே உட்காரவைத்து, கத்தரியோடு நிற்பார். "இடது பக்கம் இன்னும் கொஞ்சம். ம். போதும். வலது? வலதத் தொடாதீங்க." முப்பது வருடமாக அந்த மீசைக்கு அக்காதான் மேற்பார்வை.

பிறகு ஒரு மாதம், ஒண்டியாக ஒரு கிழவர் குடியிருக்கும் வீட்டில், நீச்சல் குளம் நிரப்புகிற அளவுக்குத் தண்ணீர் ஓடியதாக அக்கா எழுதிவிட்டார். கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "குளம் எங்க இருக்குன்னு காட்டினா நானும் ரெண்டு முங்கு போடுவேன்" என்றார். அக்கா மூன்றை எட்டு என்று படித்திருந்தார். அடுத்த மாதம் இன்னும் ஆறு வீட்டில் அப்படி.

கண் மருத்துவர் பார்த்துச் சொன்னார்: கண்ணின் பின்சுவரில் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. இரண்டு கண்ணிலும். தேய்ந்தது திரும்பாது. சுற்றியுள்ள ஓரம் நன்றாக இருக்கிறது. அக்கா இதை எனக்கு இன்னும் தெளிவாகச் சொன்னார்: "எதப் பாக்கறனோ அது மட்டும் தெரியாது தோழரே. நடுவுல பஞ்ச வச்சு அடைச்ச மாதிரி. ஏழப் பாத்தா ஏழு காணாமப் போயிடும், பக்கத்துல இருக்கற ஒண்ணும் நாலும் பல்லக் காட்டிட்டு நிக்கும்."

அலுவலகம் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் நீங்கள் எங்கேயும் வேலை பார்த்ததில்லை. ஒரு பரிசோதனை வைத்தார்கள். பழக்கமில்லாத தெருவில் இருபது மீட்டர், ஒன்றரை மணி நேரம், இரண்டு தப்பு வரை மன்னிப்பு. மூன்றாவது தப்பு வந்தால் நடை பறிபோகும். அதற்குப் பதில் புகார் பிரிவில் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலி. பயிற்சிக்கு நாலு வாரம் தருவதாகச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற பல்லில்லாத புலி என்றாலும் நான் போய் உறுமினேன். பதினான்கு வாரமானது.

"நாற்காலியும் நல்லதுதானே?" என்று நான்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உக்காந்துக்கிட்டு திட்டு வாங்கறதுக்கு நடந்துக்கிட்டே வாங்கிக்கறேன்" என்றார் அக்கா. "நானூத்திப் பத்து வீட்டு வாசலத் தாண்டி எனக்கு வேற உலகம் தெரியாது. அத எடுத்துட்டா நான் யாரு?"

ஆக, பணயம் அந்த நடைதான்.

மருத்துவமனையின் பின்கட்டில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்ட ஒரு சின்ன அறை. அதில் ஒரு கருவி. கருவிக்கு ஒரு பயிற்சிக்காரப் பெண், முப்பது வயது இருக்கலாம். அக்கா அவளை முதல் நாளே "டாக்டரம்மா" என்றார். "நான் டாக்டர் இல்லம்மா, பயிற்சி குடுக்கறவ" என்றாள். "சரி டாக்டரம்மா" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கருவி செய்வது இவ்வளவுதான். தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு சிவப்புக் குறி மின்னும். கருவி உங்கள் விழி எங்கே நிற்கிறது என்று ஒற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும். கண்ணில் தேயாமல் நன்றாக இருக்கும் ஓர் இடத்தைப் பயிற்சிக்காரப் பெண் முன்கூட்டியே வரைபடத்தில் தேர்ந்தெடுத்திருப்பாள். குறி அந்த இடத்தில் விழுகிற மாதிரி விழியை நகர்த்த வேண்டும். தள்ளி இருந்தால் "டொக்... டொக்..." என்று சோம்பேறியாக ஒரு சத்தம். நெருங்க நெருங்க டொக்டொக்டொக். சரியான இடத்தில் நின்றுவிட்டால் "ம்ம்ம்ம்" என்று ஒரே இழுப்பு. விழி எங்கே நிற்கிறது என்பது நமக்கே தெரியாத சங்கதி, சத்தம்தான் சொல்லிக்கொடுக்கும். கொஞ்ச நாளில் மூளை அந்த இடத்தைப் புது நடுவாக ஏற்றுக்கொள்ளும்.

அக்காவுக்கு அந்த இடம் மேலே பார்த்தால் கிடைத்தது. குறிக்குக் கொஞ்சம் மேலே விழியை நிறுத்தினால், குறி கீழே பளிச்சென்று தெரியும்.

"ஆக, பாக்கணும்னா பாக்கக் கூடாது" என்றார் அக்கா.

"பாக்கணும்மா. கொஞ்சம் மேல பாக்கணும். தலைய ஆட்டாம, கண்ண மட்டும்."

"எங்க ஆபீஸ் மேனேஜரும் இப்படித்தான். புகார் குடுக்கப் போனா மேலயே பாத்துட்டிருப்பாரு. அவருக்கும் இதே வியாதியோ?"

மூன்று வாரம் பிரமாதமாகப் போனது. விழி நின்ற இடத்தைக் கருவி பச்சைப் புள்ளிகளாகப் போட்டுக் காட்டும். முதல் வாரம் அரிசியை இறைத்ததுபோல் கிடந்த புள்ளிகள் மூன்றாவது வாரம் ஒரு பிடிக்குள் வந்துவிட்டன. "வீட்லயும் தினம் இருபது நிமிஷம் பண்ணுங்கம்மா" என்றாள் பயிற்சிக்காரப் பெண்.

இங்கேதான் வம்பு.

வீட்டில் சத்தம் இல்லை. "சரியா பாக்கறனா தப்பா பாக்கறனான்னு யார் சொல்றது?" என்று அக்கா மறுநாள் மதியம் சலூனில் உட்கார்ந்து புலம்பினார். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை சலூனில் ஈ ஓட்டுகிற நேரம். வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன சத்தம் அது?"

அக்கா செய்துகாட்டினார்.

"இவ்வளவுதானா? இத நான் போட மாட்டேனா? வா, உக்காரு."

அன்றிலிருந்து சலூன்காரர் கருவி ஆனார். அக்கா சுழல் நாற்காலியில் உட்கார, எதிரே நின்று அவர் கண்ணைக் கூர்ந்து பார்த்து, "டொக்... டொக்..." என்பார். சரியாக வந்தால் "ம்ம்ம்ம்". நல்ல குரல். தெருவில் போகிறவர்கள் சலூனில் புது மிஷின் வந்திருக்கிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். பெஞ்சில் காத்திருக்கும் ஆட்களும் சேர்ந்து இழுக்க ஆரம்பித்தார்கள். நானும் ஒரு நாள் சேர்ந்து இழுத்தேன். இருபத்தாறு வருடம் கோஷம் போட்ட தொண்டை, சும்மா இருக்குமா?

நாலாவது வாரம் புள்ளிகள் பிடியை விட்டுக் கலைந்தன. ஐந்தாவது வாரம் பாதி கீழே இறங்கிவிட்டன. ஆறாவது வாரம் எல்லாம் நேராக நடுவில், அந்தப் பஞ்சு அடைத்த இடத்துக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டன. பயிற்சிக்காரப் பெண் கருவியை அணைத்துப் போட்டாள். துடைத்தாள். வேறு ஆளை உட்காரவைத்துப் பார்த்தாள். கருவியில் கோளாறு இல்லை. பதினான்கில் எட்டு வாரம்தான் பாக்கி.

அக்கா எனக்குத் தொலைபேசியில் சொன்னது ஒரு வரி: "நாற்காலிதான் போலிருக்கு தோழரே." அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. வேலைநிறுத்தத்தில் அறுபது நாள் நின்றபோதுகூடக் கேட்டதில்லை.

ஏழாவது வாரம் துணைக்கு நானும் போனேன். அக்கா உள்ளே, நான் கதவோரம், சலூன்காரர் வெளியே பெஞ்சில். பயிற்சிக்காரப் பெண் புள்ளிகளைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"அம்மா, வீட்ல என்ன பண்றீங்க?"

"நீ சொன்னதத்தான். தினம் இருபது நிமிஷம். ஒரு நாள் விடல."

"தனியாவா?"

"இல்லியே. எங்க வீட்டுக்காரர்தான் சத்தம் குடுக்கறாரு."

அவள் பேனாவை மேசையில் வைத்தாள். "சத்தமா?"

"உன் மிஷின் மாதிரியேதான். உன் மிஷினவிட இவர் குரல் கொஞ்சம் நல்லாவே இருக்கும்."

சலூன்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். செய்துகாட்டச் சொன்னதும் மனிதருக்குப் பெருமை. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அக்காவுக்கு எதிரே போய் நின்றார். பழக்கதோஷத்தில் கழுத்தில் துண்டு போடப் போய், துண்டு இல்லை என்று கையை இறக்கினார்.

அக்கா, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, விழியை மேலே தூக்கினார்.

"டொக்... டொக்..." என்றார் சலூன்காரர் அதிருப்தியோடு. பிறகு இரண்டு விரலை அக்காவின் தாடைக்கு அடியில் கொடுத்து, முகத்தை ஒரு தட்டுத் தட்டி, "நேரா பாரு" என்றார். அக்காவின் பார்வை இறங்கியது. டொக்டொக்டொக். இன்னும் இறங்கி நட்ட நடுவாக அவர் மூக்கில் வந்து நின்றது.

"ம்ம்ம்ம்ம்ம்ம்!"

மில் சங்கு கெட்டது போங்கள்.

பயிற்சிக்காரப் பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "சார், நிறுத்துங்க. நிறுத்துங்க சார். அம்மா, இப்ப உங்களுக்கு சார் முகம் தெரியுதா?"

"அதான் நேரா பாக்கறாளே மேடம், தெரியாம எப்படி?" என்றார் சலூன்காரர்.

"நீங்க இருங்க சார். அம்மா?"

"தெரியல" என்றார் அக்கா. "மூஞ்சி இருக்கற எடத்துல பஞ்சு. காது ரெண்டும் தெரியுது."

நாலு வாரமாக மனிதர் மனைவியைத் தினம் இருபது நிமிடம் உட்காரவைத்து, தப்பான இடத்துக்கு விடாமுயற்சியோடு பழக்கியிருக்கிறார். கருவி ஏற்றியதை எல்லாம் சலூன் இறக்கியிருக்கிறது.

"முப்பது வருஷமா நாற்காலில உக்கார்ற எல்லாரையும் நேரா பாருங்கன்னுதான் மேடம் சொல்லிட்டிருக்கேன்" என்றார் அவர், சின்னக் குரலில். "மேல பாக்கறவன் தலைய வெட்டினா பின்னால கோணிப்போயிடும். கை தானாப் போயிடுது."

"சரி சார், அது புரியுது. ஏம்மா, நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல? முகம் தெரியலன்னு?"

"சத்தம் வந்துச்சே!" என்றார் அக்கா. "சத்தம் வந்தா சரின்னு நீதானே சொன்னே?"

சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்ட தலைமுறை நாங்கள். எங்களிடம் போய்ச் சத்தத்தை நம்பச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அக்கா கொஞ்சம் தயங்கி, இன்னொன்றும் சொன்னார். "அதோட இவரு அவ்வளவு சந்தோஷமா கத்தறாரு. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

சலூன்காரர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒன்றரை வருஷமாச்சு மேடம், இவ என் மூஞ்சியப் பாத்துப் பேசி. அங்க பாத்துக்கிட்டு பேசுவா, இங்க பாத்துக்கிட்டு பேசுவா. கோவமோன்னுகூட நெனச்சேன். சலூன்ல உக்காந்து நேரா பாத்தாளா, அப்பாடான்னு ஆயிடுச்சு. வாய் தானா கத்திடுச்சு."

இந்த மாதிரி இடத்தில் என் போன்றவன் கூரையைப் பார்ப்பான். பார்த்தேன்.

பயிற்சிக்காரப் பெண் கெட்டிக்காரி. சலூன்காரரை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவர் தலைக்கு மேலே தன் நாலு விரலைக் குறுக்கே வைத்தாள். "அம்மா, சார விடுங்க. என் மேல் விரலுக்கு மேல பாருங்க. அங்கேயே நில்லுங்க. எறங்காதீங்க. இப்ப கீழ என்ன தெரியுது?"

அக்காவின் விழி மேலே போனது, தடுமாறியது, திரும்பப் போனது, நின்றது. நெற்றி சுருங்கியது.

"என்னங்க..."

"என்ன?" என்றார் சலூன்காரர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"உங்க மீசைக்கு என்ன ஆச்சு?"

ஊரே ஒரு வருடமாக அறிந்த ரகசியம் அது. இடது பக்கம் குட்டையாகி மேலே ஏற, வலது பக்கம் தொங்கிக் கீழே போய்க்கொண்டிருந்தது. ஆனால் சலூன்காரரிடம் மீசையைப் பற்றி யார் பேசுவது? கத்தி அவர் கையில், கழுத்து நம் பக்கம்.

"என் மீசைக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு பக்கம் மாடிக்குப் போகுது, ஒரு பக்கம் கெணத்துல எறங்குது. எவ்வளவு நாளா இப்படி?"

"ஏம்மா, நீதானே வாராவாரம் 'சரியா இருக்கு, சரியா இருக்கு'ன்னு சொன்னே?"

பயிற்சிக்காரப் பெண் முகத்தைக் கறுப்புத் துணிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அக்கா ஒன்றரை வருடமாகப் பார்க்காத மீசைக்குச் சான்றிதழ் கொடுத்துவந்திருக்கிறார். இவர் நாலு வாரமாகத் தெரியாத முகத்துக்குச் சங்கு ஊதியிருக்கிறார். கணக்கு நேராகிவிட்டது.

பிறகு பயிற்சி அக்காவுக்கு மட்டும் இல்லை, அவருக்கும்தான். "அம்மா உங்களப் பாக்காத மாதிரி தெரியும் சார். அப்பதான் பாக்கறாங்க. அப்ப சத்தம் போடுங்க." தலையில் ஏறியது, கைக்கு ஏறவில்லை. அக்கா மேலே பார்த்ததும் இரண்டு விரல் தாடைக்குப் போய்விடும். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய தொப்பி ஒன்றில் ஒரு நீளச் சீப்பைச் செங்குத்தாகச் செருகிக்கொண்டார். நுனி தலைக்கு மேலே சரியாக நாலு விரல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்காவின் கண் சீப்பு நுனிக்குப் போனால் சங்கு. மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சலூனைத் தாண்டிப் போனவர்கள், தலையில் சீப்பு நட்டு, கை கட்டி நின்று ஊளையிடும் ஒரு மனிதரையும், அவர் சீப்பையே கண்கொட்டாமல் பார்க்கும் ஒரு பெண்மணியையும் கண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாகரிகமான தெரு.

புள்ளிகள் மெல்ல மேலே ஏறின. பன்னிரண்டாவது வாரம் ஒரு பிடிக்குள் வந்தன. விளக்கு வைத்த கைலென்ஸ் ஒன்றைக் கொடுத்து எண் படிக்கப் பழக்கினார்கள். மீசையும் நிமிர்ந்தது.

பரிசோதனை நாள் வந்தது. பழக்கமில்லாத தெரு. அதிகாரி இளைஞர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, கையில் அட்டை. சாட்சியாக ஓர் ஆளுக்கு அனுமதி உண்டு, வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. வீட்டுக்காரர் வேண்டாம் என்று அக்காவே சொல்லிவிட்டார்: "நீங்க வந்தா ஊதிடுவீங்க." நான் போனேன். வாய் திறக்காமல் இருப்பது என் தொழில் இல்லை, அன்று இருந்தேன்.

முதல் வீடு. அக்கா மூடியைத் திறந்தார், துடைத்தார், லென்ஸை வைத்தார். விழி மீட்டரைத் தாண்டி மேலே குழாயின் மரையில் போய் நின்றது.

"அம்மா, மீட்டர் கீழ இருக்கு" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். பூஜ்யம், நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு."

குனிந்து பார்த்தார். சரி. அடுத்த வீடும் சரி. மூன்றாவதும் சரி. அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை.

"மீட்டரப் பாத்துப் படிங்கம்மா. பாக்காமலே சொன்னாங்கன்னு நான் ரிப்போர்ட் எழுத முடியாது."

"அப்படியா? இருங்க சார்." அக்கா விழியை இறக்கி மீட்டரை நேராகப் பார்த்தார். "பாத்துட்டேன். பஞ்சு. இத எழுதிக்கிட்டீங்களா? இப்ப படிக்கட்டுமா?"

அதன் பிறகு அதிகாரி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அக்கா பார்த்த இடத்தைத் தானும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அங்கே ஏதாவது எழுதியிருக்கிறதா என்று சந்தேகம்.

ஒன்பதாவது வீட்டில் எட்டை மூன்று என்றார். ஒரு தப்பு. பதினாலாவது வீட்டில் மீட்டர் ஆழமான குழிக்குள், சேற்றுத் தண்ணீரில் பாதி மூழ்கிக் கிடந்தது. அக்கா தரையோடு தரையாகப் படுத்துக் கையை விட்டுத் துடைத்துப் பார்த்தார். இரண்டாவது தப்பு. எழுந்தபோது முழங்கையெல்லாம் சேறு, முகத்தில் ரத்தமில்லை. ஆறு மீட்டர் பாக்கி, மன்னிப்பு பாக்கி இல்லை, நேரம் இருபத்தைந்து நிமிடம்.

பதினைந்தும் பதினாறும் எப்படியோ ஒப்பேறின. பதினேழாவது வீட்டில் லென்ஸை வைத்தார். விழி மேலே போனது, நிற்கவில்லை. இடது பக்கம் ஓடியது, இறங்கியது, திரும்ப ஏறியது. முதல் வாரத்துப் புள்ளிகள் போல. பதற்றத்தில் இடம் தொலைந்துவிட்டது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். அதிகாரி கடிகாரத்தைத் திருப்பினார். எனக்கு நாக்கு நுனியில் சங்கு நிற்கிறது. ஊதினால் பரிசோதனை ரத்து. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"டொக்..."

அக்காவின் வாயிலிருந்துதான்.

"டொக்... டொக்..."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் வாயைக் கையால் பொத்திக் காட்டினேன், நானில்லை என்று.

"டொக்டொக்டொக்..." விழி மெல்ல ஏறிக்கொண்டிருந்தது, படி தேடும் கால் மாதிரி. "டொக்டொக்... ம்ம்ம்ம்ம்ம்."

நின்றுவிட்டது. குழாய் மரைக்கு மேலே, ஆடாமல் அசையாமல்.

"என்னம்மா, பாட்டா?" என்றார் அதிகாரி.

"வேல நடக்கற சத்தம் சார். ரெண்டு, பூஜ்யம், ஒம்பது, ஒம்பது, மூணு."

சரி. பதினெட்டு, டொக்டொக், ம்ம்ம், சரி. பத்தொன்பது சரி. இருபதாவது வீட்டுக்கு வந்தபோது மூன்று நிமிடம் இருந்தது; அக்கா இரண்டு நிமிடத்தில் முடித்தார். அதிகாரி குனிந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துச் சரிபார்த்தார். நிமிர்ந்து அட்டையில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அந்த உரிமையை யாரும் எனக்குத் தரவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். "மீட்டருக்கு மேலே பார்த்துப் படிக்கிறார். படிப்பது சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். இருபத்தாறு வருடம் நோட்டீஸ் எழுதியவன் சொல்கிறேன், நல்ல வாக்கியம். ஆச்சரியக்குறிகூட இல்லை.

நடை கிடைத்தது. முழுதாக இல்லை. குழிக்குள் இருக்கும் மீட்டர்களை வேறு ஆளுக்கு மாற்றி, முந்நூறு வீடாகக் குறைத்தார்கள். "நூத்திப் பத்து வீட்டப் புடுங்கிட்டாங்க" என்று அக்கா வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தார். மிச்சமுள்ள முந்நூறில் ஒண்டிக் கிழவர் வீடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றதும் கொஞ்சம் அடங்கினார்.

சலூன் வாசலில் வீட்டுக்காரர் நின்றிருந்தார். உள்ளே ஒரு வாடிக்கையாளர் பாதி சவரத்தில், ஒரு கன்னம் நுரையோடு, அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். சலூன்காரர் கையில் கத்தி, தலையில் சீப்பு நட்ட தொப்பி. அவசரத்தில் எதற்கு அதை மாட்டிக்கொண்டார் என்று அவருக்கே தெரியாது.

"என்ன ஆச்சு?" என்றார்.

அக்கா அவருக்கு எதிரே போய் நின்றார். முழங்கையில் காய்ந்த சேறு. விழியை மெதுவாகத் தூக்கிச் சீப்பு நுனியில் நிறுத்தினார்.

"டொக்" என்றார். "டொக்... டொக்..."

சலூன்காரரின் கண் கலங்கத் தொடங்கியது.

"ம்ம்ம்ம்ம்ம்ம்" என்று அக்கா முழு மூச்சையும் விட்டு இழுத்தார். உள்ளே நுரைக் கன்னக்காரரும் சேர்ந்து இழுத்தார். இந்த முறை நிபந்தனை எதுவும் இல்லாததால் நானும் இழுத்தேன்.

மூச்சு முடிந்ததும் அக்கா பார்வையை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

"வலது பக்கம் மறுபடி எறங்குது. அந்த ஆள் கன்னத்த முடிச்சுட்டு வந்து உக்காருங்க."